தேர்ந்தெடுத்த நாளோடு நின்றுவிடும் பாடம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "சுவரொட்டியில் தொடங்கிப் பள்ளிப் பாடம் வரை எங்கு பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியும் வேண்டாத நேரத்தில் கரு உண்டாவது இவ்வளவு சாதாரணமாக நடக்கிறதே, ஏன்? மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லையா, சொல்கிற முறையில் குறையா? திருமணத்துக்கு முன்பே எல்லாருக்கும் ஒரு வகுப்பு நடத்திவிட்டால் சரியாகிவிடுமா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டுக்கும் என் பதில்: சொல்கிற முறையில்தான் குறை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கருத்தடை ஆலோசனை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

நடப்பு என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 கோடியே 10 லட்சம் கருத்தரிப்புகள் திட்டமிடாமல் நிகழ்கின்றன என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2022இல் சொன்னது. மொத்தக் கருத்தரிப்பில் இது ஏறக்குறையப் பாதி. வசதி கிடைக்காதது, வறுமை, கட்டாயம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கருத்தடை முறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே கரு உண்டானவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். தொடங்கிச் சில மாதங்களிலேயே கைவிட்டவர்களும் இருக்கிறார்கள். பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளின்படி, நிறுத்தினால் மீண்டும் கருத்தரிக்கக்கூடிய முறை ஒன்றைத் தொடங்குபவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஓராண்டுக்குள் அதை நிறுத்திவிடுகிறார்கள். கல்வியின் குறையைத் தேட வேண்டிய இடம் இவர்கள்தான். இவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ந்த பிறகு என்னவாயிற்று?

ஒரு நாள் ஒரு பெண் வந்து, கைப்பையிலிருந்து மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். அட்டைக்கு 28 மாத்திரை. அவற்றில் 21 வெள்ளை, ஹார்மோன் உள்ளவை. மீதி 7 பழுப்பு மாத்திரைகளில் இரும்புச்சத்து மட்டும்தான். இடைவெளி விட வேண்டிய ஏழு நாட்களிலும் மாத்திரை போடும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று சேர்த்து வைத்திருப்பது. மூன்று அட்டைகளிலும் வெள்ளை மாத்திரைகள் அப்படியே இருந்தன. பழுப்பு இருந்த இடமெல்லாம் ஓட்டை. "உடம்பில் ரத்தம் குறைவு என்றார்கள். இந்தப் பழுப்பு மாத்திரையில் ரத்தம் ஊறும் என்றும் சொன்னார்கள். அதனால் இதை முதலில் முடித்துவிட்டேன்" என்றார். இருபத்தொரு நாட்கள் அவர் இரும்புச்சத்து மட்டும் சாப்பிட்டிருக்கிறார். கரு உண்டாகியிருந்தது.

அவருக்கு முன்பு கொடுக்கப்பட்ட அறிவுரை, "தினமும் ஒன்று, மறக்காமல் போடுங்கள்." அதை அவர் ஒரு நாள்கூட மீறவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர், பொறுப்பானவர், சொன்னதைச் சொன்னபடி செய்தவர். இப்படி ஒருவரைப் பார்த்து "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிவிட்டுப் போவது நமக்கு வசதி. அட்டையைக் கையில் கொடுத்து, "முதல் மாத்திரை எது, காட்டுங்கள்" என்று கேட்க அரை நிமிடம் ஆகியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

என் குற்றச்சாட்டு மொத்தமும் இந்த அரை நிமிடத்தைப் பற்றியதுதான். குடும்பக் கட்டுப்பாட்டுக் கல்வி, ஒருவர் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரை அவரோடு வருகிறது. கையெழுத்து வாங்கியதும் கழன்றுகொள்கிறது. சந்தேகங்களோ அதற்குப் பிறகுதான் வருகின்றன. முதல் மாத்திரை தவறும்போது, முதல் முறை மாதவிடாய் தள்ளிப்போகும்போது, இரண்டாவது மாதம் உதிரப்போக்கு நிற்காமல் இழுக்கும்போது.

"குடும்பக் கட்டுப்பாடு" என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் ஒருவர் "குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன்" என்றால் நம் காதில் விழும் பொருள் ஒன்றே ஒன்று, அறுவை சிகிச்சை. சொல் அப்படிச் சுருங்கியதற்கு வரலாறு உண்டு. பல நாடுகளில் பல ஆண்டுகள், தலைகளை எண்ணி இலக்கை முடிப்பதே திட்டமாக இருந்தது. 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மாநாடு, எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தனிமனிதரின் உரிமையிலிருந்தும் தேவையிலிருந்தும் தொடங்குங்கள் என்று சொன்னது. ஆவணங்கள் மாறின; சொல்லின் பொருள் மாறவில்லை. அதனால், புதிதாகத் திருமணமான ஒருவரிடம் "குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசலாமா" என்று கேட்டால், "அதற்கென்ன அவசரம், இன்னும் குழந்தையே பிறக்கவில்லையே" என்கிறார். முதல் குழந்தையைத் தள்ளிப்போடுவதும் இரண்டு குழந்தைகளுக்கு இடையில் இடைவெளி விடுவதும் அந்தச் சொல்லுக்குள் அவருக்குத் தெரிவதில்லை. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருத்தரிப்புக்குக் குறைந்தது 24 மாதங்கள் விடுவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதை எத்தனையோ தாய்மாரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "இடைவெளி நல்லது" என்பது தெரியும். எவ்வளவு, ஏன் என்பது தெரியாது.

இனி எண்களுக்கு வருவோம். துண்டறிக்கைகளில் "99 சதவீதம் பாதுகாப்பு" என்று போட்டிருக்கும். மாத்திரையைப் பொறுத்தவரை அது ஒரு நாள்கூடத் தவறாமல், சரியான வரிசையில், உரிய நேரத்தில் போடுபவர்களுக்கான எண். நடைமுறை வாழ்க்கையில், மாத்திரையை நம்பியிருக்கும் 100 பெண்களில் ஏறத்தாழ 7 பேர் முதல் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. எப்போதும் சரியாகப் பயன்படுத்தினால் 100க்கு 2, நடைமுறையில் 13. உச்சத்துக்குச் சற்று முன் விலகிக்கொள்வது என்ற பழைய வழியில், சொல்லில் 4, செயலில் 20. ஒன்றுமே செய்யாவிட்டால் 85. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, கையில் தோலுக்கடியில் வைக்கும் உள்வைப்பு ஆகிய இரண்டிலும் மட்டும் இரண்டு எண்களும் ஒட்டியே இருக்கும், 100க்கு ஒன்றுக்கும் கீழே. காரணம் எளிது: வைத்த பிறகு பயனாளி தினமும் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

இந்த இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் சொல்வது ஏமாற்று வேலை என்றே சொல்வேன். 99 என்று கேட்டுப் போனவர் கருத்தரித்தால், "என் உடம்புக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்றோ "மாத்திரையே பொய்" என்றோ முடிவுகட்டுகிறார். ஊர் முழுக்க அது பரவுகிறது. நடைமுறை எண்ணையும் முன்பே சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியை அவரே கேட்டிருப்பார்: "அந்த ஏழு பேர் என்ன தவறு செய்தார்கள்?" அங்கேதான் பாடம் தொடங்க முடியும். ஹார்மோன் மாத்திரை ஒன்று தவறினால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு வழக்கம்போலத் தொடரலாம். அடுத்தடுத்து இரண்டோ அதற்கு மேலோ தவறினால், உடனே ஒன்றைப் போட்டுவிட்டு அட்டையைத் தொடர வேண்டும், கூடவே ஏழு நாட்களுக்கு ஆணுறை. இது நேர்ந்தது மூன்றாவது வாரத்தில் என்றால், வெள்ளை முடிந்ததும் பழுப்பைத் தொடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கிவிட வேண்டும். இவ்வளவுதான். ஆனால், கணவர் வெளியூரில் இருக்கும் நாட்களில் "எதற்கு வீணாக" என்று மாத்திரையை நிறுத்திவைத்து, அவர் வரும் நாளில் மீண்டும் தொடங்கியவர்களை நான் எண்ணி மாளாது. மாத்திரை வேலை செய்வது கருமுட்டை வெளியேறாமல் நாள்தோறும் தடுத்துவைப்பதன் மூலம் என்று ஒரு வாக்கியம் அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் போதும். "தினமும் போடு" என்ற கட்டளை மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது. கட்டளையை மீறுவதற்கு மனிதருக்கு எப்போதும் ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

உடம்பைப் பற்றிய பாடம் இன்னும் மோசம். பள்ளிப் புத்தகத்தில் கருப்பையின் படம் எப்படி இருக்கும் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருபுறமும் கை விரித்தாற்போல் கருக்குழாய்கள். சுற்றிலும் உடம்பே இருக்காது. வெற்றுத் தாளில் மிதக்கும் ஏதோ ஓர் உறுப்பு. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அந்தப் படம் சொல்வதில்லை. காப்பர் டி வைக்க வந்த ஒரு பெண் என்னிடம், "இது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடாதா?" என்று கேட்டார். அறையில் இருந்த உதவியாளர் சிரித்துவிட்டார். எனக்கு அந்தக் கேள்வியில் சிரிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் படத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு அது நியாயமான சந்தேகம். அவருடைய கையை மூடச் சொன்னேன். "உங்கள் கருப்பை ஏறக்குறைய இந்த அளவுதான். இதன் உள்ளறை ஒரு சின்னப் பை. நெஞ்சுக்கு இங்கிருந்து வழி கிடையாது. கழன்றால் பெரும்பாலும் கீழ்ப்பக்கமாகத்தான் வெளியே வரும், அதுவும் முதல் சில மாதங்களில்தான் அதிகம். அதனால்தான் அதன் முனையில் தொங்கும் நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறோம்" என்றேன். தன் மூடிய கையையே அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பைச் சுவரைத் துளைத்துச் சாதனம் வெளியேறுவதும் நடக்கும், மிக அரிது, அதையும் சொன்னேன். "அப்படியெல்லாம் எதுவும் ஆகாது" என்று மழுப்பியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

"பாதுகாப்பான நாட்கள்" பற்றிய நம்பிக்கையும் இதே வகை. 1920களில் ஜப்பானில் கியூசாக்கு ஒகினோவும் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாவுஸும் தனித்தனியே, கருமுட்டை வெளியேறுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு என்று கண்டறிந்தார்கள். கவனியுங்கள்: அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? தன் கணக்கைக் கருத்தடைக்குப் பயன்படுத்துவதை ஒகினோவே ஆதரிக்கவில்லை. ஆனால் மக்களிடம் போய்ச் சேர்ந்தது "பதினான்காம் நாள்" என்ற ஒற்றை எண். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டையின் ஆயுள் ஒரு நாளுக்குள். எனவே கருத்தரிக்கக்கூடிய காலம் மொத்தம் ஆறு நாட்கள், முட்டை வெளியேறும் நாளோடு அது முடிகிறது என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஆய்வுக் குழு 2000இல் சொன்னது இன்னும் முக்கியம்: 10 முதல் 17ஆம் நாளுக்குள் இந்த ஆறு நாட்களும் முழுமையாக அடங்கிய பெண்கள் ஏறத்தாழ 30 சதவீதம்தான். பாடப்புத்தகச் சுழற்சி பெரும்பாலோருக்குப் பொருந்துவதில்லை என்பதே இதன் பொருள். உடல் வெப்பநிலை, கருப்பை வாய்ச் சளியின் தன்மை ஆகியவற்றைக் கவனித்து இந்த வழியை நன்றாகப் பின்பற்றுபவர்களும் உண்டு. அவர்களுக்கு யாரோ பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வாய்வழியாகக் கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணுபவர்களைப் பற்றித்தான் என் கவலை.

பக்க விளைவுகளைப் பற்றி நாம் பேசும் விதம் தனிக் கதை. இரண்டு கெட்ட பழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று மறைப்பது, மற்றொன்று அளவு சொல்லாமல் பயமுறுத்துவது. இரண்டாவதற்கு 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. புதிய வகை ஹார்மோன் சேர்ந்த 'மூன்றாம் தலைமுறை' கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு, அதாவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவது, ஏற்படும் வாய்ப்பு இரு மடங்காகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தித்தாள்கள் "இரு மடங்கு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. ஏறத்தாழ 7,000 பேரில் ஒருவர் என்பது 7,000 பேரில் இருவர் ஆகிறது என்பதே அந்த இரு மடங்கு. கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அதைவிட அதிகம் என்பதைப் பெரும்பாலோர் கேள்விப்படவே இல்லை. ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது. சொன்ன தகவல் உண்மை. சொன்ன விதம் தீங்கு.

மறைப்பதன் விளைவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசியில் பார்க்கலாம். முதல் சில மாதங்களில் உதிரப்போக்கு தாறுமாறாக இருக்கலாம். பிறகு பலருக்கு மாதவிடாய் அடியோடு நின்றுவிடும். ஊசியை நிறுத்தினால் கருத்தரிக்க மற்ற முறைகளைவிடச் சராசரியாக நான்கு மாதங்கள் கூடுதலாக ஆகும். இவை எதுவும் நோயல்ல. ஆனால் முன்னரே சொல்லாவிட்டால், ஒருவர் "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டது" என்று பயந்துபோவார். மற்றொருவர் "ஊசி போட்டுக்கொண்டதால் மலடாகிவிட்டேன்" என்று அழுவார். சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1996இல் வெளியான ஒரு சீன ஆய்வில், இந்த ஊசி போட்டுக்கொண்ட பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். என்னவெல்லாம் நேரலாம் என்று முன்பே விரிவாகவும் திரும்பத் திரும்பவும் விளக்கப்பட்ட குழுவில் ஓராண்டுக்குள் நிறுத்தியவர்கள் 11 சதவீதம். வழக்கமான விளக்கம் மட்டும் பெற்ற குழுவில் 42 சதவீதம். மருந்து ஒன்று, அளவு ஒன்று. பேச்சு மட்டும் வேறு. "பக்க விளைவுகளைச் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள்" என்று எனக்குப் பயிற்சி அளித்த மூத்தவர் ஒருவர் சொன்னதை நான் பல ஆண்டுகள் நம்பியிருக்கிறேன். நல்ல மனிதர், இந்த விஷயத்தில் தவறாகச் சொல்லிக்கொடுத்தார்.

இனி ஆண்கள். கல்வியின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. கருத்தடை என்பது பெண்ணின் உடம்புக்குள் நடக்கும் சங்கதி என்று வைத்துக்கொண்டு, தாய்சேய் நலப் பிரிவின் வாசலில் ஆண்களை நிறுத்திவிடுகிறோம்; பிறகு "ஆண்கள் ஒத்துழைப்பதில்லை" என்று அறிக்கை எழுதுகிறோம். ஆண்களுக்கான அறுவை சிகிச்சையான வாசெக்டமி, பெண்ணுக்குச் செய்வதைவிட எளியது, சிக்கல் குறைந்தது. 1970களில் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கிய முறையில் கத்தி வைத்துக் கீறுவதுகூடக் கிடையாது. ஒரு சின்னத் துளை போதும், தையல் வேண்டாம். ஆண்மை குறையுமா என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள், வாய்விட்டோ மனத்துக்குள்ளோ. ஹார்மோன் விரையிலிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது, வெட்டப்படும் குழாய் வழியாக அது போவதில்லை என்று விளக்கினால் அந்தப் பயம் பெரும்பாலும் அங்கேயே தணிந்துவிடும்.

எனக்கு மறக்காத ஒரு சம்பவம். வாசெக்டமி முடிந்து இரண்டே மாதத்தில் மனைவிக்குக் கரு உண்டாகிவிட்டது. வீட்டில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் தனியாக வந்து என் எதிரே உட்கார்ந்து, "என்னை யாரும் நம்பவில்லை, அம்மா" என்றார். கணவரிடம் கொடுத்திருந்த சீட்டை மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். "மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வரவும்" என்று எழுதியிருந்தது. எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. தையல் ஆறியதா என்று பார்க்க அழைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். தையலே போடவில்லை, வலியும் இல்லை, போகவில்லை. கணவரை உட்காரவைத்துச் சொன்னேன்: "தொட்டியில் குழாயை அடைத்தாலும், அடைத்த இடத்துக்கு இந்தப் பக்கம் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் வடிய நேரம் ஆகாதா? அதற்குத்தான் மூன்று மாதம். அதுவரை ஆணுறை போட வேண்டும். மூன்றாம் மாதம் விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விட வேண்டும்." அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். சீட்டு எழுதியது நானில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சில குறைகளை ஓரிரு வாக்கியத்தில் தாண்டிவிடலாம். "பால் கொடுக்கும்வரை கரு தங்காது" என்பது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், மாதவிடாய் திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் சொன்னார்கள். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. மாதவிடாய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கு, முதல் கருமுட்டை முதல் மாதவிடாய்க்கு முன்னரே வெளியேறக்கூடும் என்பது தெரிவதில்லை. மருந்துகளைப் பற்றிய பயம் தலைகீழாக இருக்கிறது: சாதாரண ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை வேலை செய்யாது என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை, காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் சில வலிப்பு நோய் மருந்துகளும் உண்மையிலேயே அதன் ஆற்றலைக் குறைக்கும், அதை யாரும் சொல்வதில்லை. அவசரக் கருத்தடை மாத்திரை கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது; கருவைக் கலைப்பதில்லை; விழுங்கிய பிறகு வைத்துக்கொள்ளும் உறவுக்கு அது காவலும் இல்லை.

கற்பிக்கிறவர்களுக்குக் கற்பிப்பதும் பாக்கி இருக்கிறது. யாருக்கு எந்த முறை பொருந்தும் என்று நான்கு தரமாகப் பிரித்து உலக சுகாதார நிறுவனம் 1996 முதல் வழிகாட்டி வெளியிட்டு வருகிறது. பிள்ளை பெறாத பெண்ணும் காப்பர் டி வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. இருந்தும், "முதலில் ஒரு பிள்ளை பெற்றுக்கொண்டு வா" என்று திருப்பியனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். திருமணமாகாதவர் கேட்டால் முகம் மாறுகிறது. மாற்றுத்திறனாளிகள் வந்தால், அவர்களிடம் பேசாமல் கூட வந்தவரிடம் பேசுகிறார்கள். முகம் மாறுவதும் ஒரு பாடம்தான். ஒரு முறை அதைக் கற்றவர் மறுபடி வருவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பற்றி எவரும் கேட்பதுகூட இல்லை. குடும்பத்தைத் திட்டமிடுவது என்றால் குழந்தை வேண்டும் என்று திட்டமிடுவதும் அடக்கம். நம் கல்வி முழுவதும் "வேண்டாம்" என்ற திசையிலேயே நிற்கிறது. முப்பதுகளின் நடுவிலிருந்து பெண்ணின் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது என்பதையும், குழந்தையின்மையில் ஏறக்குறையப் பாதி இணைகளில் ஆணின் பங்கும் இருக்கிறது என்பதையும் பலர் சிகிச்சைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் ஓர் உதாரணம். பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும் கருவின் நரம்புக் குழாய் சரியாக மூட அது தேவை. அந்தக் குழாயோ, கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு அப்போதுதான் மாதவிடாய் தள்ளிப்போயிருப்பதே தெரியவரும். ஆகவே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்க முயலும் முன்பிருந்தே எடுக்க வேண்டும். காப்பர் டியை எடுத்துவிடச் சொல்லி வரும் பெண்ணிடம் இதைச் சொல்வதற்கு எவ்வளவு பொருத்தமான தருணம்! பெரும்பாலும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

இந்தக் குறைகள் ஏன் கண்ணில் படாமல் தொடர்கின்றன? நாம் எண்ணுவது வேறாக இருப்பதால்தான். எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை துண்டறிக்கை போயிற்று என்று பதிவேடு கேட்கும். போனவருக்கு என்ன புரிந்தது என்ற கட்டம் அதில் இருக்காது. பல நாடுகளின் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளில் பெண்களிடம் மூன்று எளிய கேள்விகள் கேட்கப்படுகின்றன. வேறு முறைகளைப் பற்றியும் உங்களிடம் சொன்னார்களா? பக்க விளைவுகளைச் சொன்னார்களா? பக்க விளைவு வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா? பின்னர் நான்காவது கேள்வியும் சேர்ந்தது: பிடிக்காவிட்டால் வேறு முறைக்கு மாறலாம் என்று சொன்னார்களா? எந்த ஆலோசனை அறையின் தரத்தையும் இந்த நான்கை வைத்தே எடைபோட்டுவிடலாம். கேள்வி கேட்டவருக்கும் இது உதவும். அடுத்த முறை போகும்போது, நான்கில் எதை அவர்களாகச் சொன்னார்கள் என்று மனத்துக்குள் குறித்துக்கொள்ளுங்கள்.

திருமணத்துக்கு முந்தைய வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பெரிய அளவில் செய்துபார்த்த நாடு ஈரான். 1989இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மீண்டும் தொடங்கி, 1993இல் தனிச் சட்டமும் கொண்டுவந்தார்கள். திருமணம் செய்யப்போகும் ஆணும் பெண்ணும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். 1980களின் நடுவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கும் மேல் இருந்த குழந்தைகளின் எண்ணிக்கை, 2000 வாக்கில் இரண்டை நெருங்கிவிட்டது. வகுப்பு ஒன்றே இதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். பெண் கல்வி பெருகியது, கிராமத்துச் சுகாதார நிலையங்களில் கருத்தடை முறைகள் இலவசமாகக் கிடைத்தன. வகுப்பில் கேட்டதை அடுத்த வாரமே போய் வாங்க முடிந்தது என்பதுதான் அங்கே விசேஷம். ஆணும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே பாடத்தைக் கேட்டார் என்பது இன்னொன்று. பிறகு அரசின் எண்ணம் மாறியது. 2012இல் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள், 2021இல் பிறப்பைப் பெருக்கச் சட்டம் வந்தது. அரசு தன் தேவைக்காகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை அரசே ஒரு நாள் மூடவும் செய்யும்.

ஆகவே, வகுப்பு வைக்கலாம். இருவரையும் சேர்த்து வைத்தால் நல்லது. ஆனால் திருமணத்துக்கு முந்தைய வாரம், பத்திரிகை கொடுப்பதிலும் துணி எடுப்பதிலும் மூழ்கியிருப்பவர் தலையில் தவறிய மாத்திரைக் கணக்கு எவ்வளவு தங்கும்? என்னிடம் ஒரே ஒரு வகுப்புக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது, எங்கே வைக்கட்டும் என்று கேட்டால், முறையைத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் வைப்பேன். வரும்போது அட்டையைக் கையோடு எடுத்துவரச் சொல்வேன்.